எல்லையில் தீர்வை, ஊரில் பூட்டு

கனடாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட மென்மர ஒப்பந்தம் 2006 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகக் கனடிய மரத்தின் மீது அமெரிக்கா வசூலித்து வைத்திருந்த தீர்வை சுமார் 500 கோடி அமெரிக்க டாலர். அதில் 400 கோடி திருப்பித் தரப்பட்டது. மீதி 100 கோடி அமெரிக்காவிலேயே நின்றுவிட்டது. கனடாவில் இதைச் சிலர் வெற்றி என்றார்கள், பலர் சரணாகதி என்றார்கள். திரும்பி வந்த அந்த 400 கோடி யார் கைக்குப் போனது என்ற கேள்வி மட்டும் அந்த வாதத்தில் அதிகம் எழவில்லை. சுங்கப் பதிவேட்டில் இறக்குமதியாளர் என்று யார் பெயர் இருந்ததோ அவருக்கே போனது. பெரும்பாலும் அவை மர நிறுவனங்கள். அந்த ஆண்டுகளில் ஷிப்டு குறைந்தவர், வேலை போனவர், மரம் ஏற்றும் லாரிக்கு வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் விற்றவர், இவர்களின் பெயர் எந்தச் சுங்கப் பதிவேட்டிலும் இல்லை.

இறக்குமதித் தீர்வையை நாம் நாடுகளுக்கு இடையிலான சண்டையாகவே படித்துப் பழகிவிட்டோம். அமெரிக்கா அடித்தது, கனடா வாங்கியது என்று செய்தி வரும். அடி விழுந்த இடத்தை நெருங்கிப் பார்த்தால் ‘கனடா’ என்று ஒரே ஆள் அங்கே இல்லை. நிறுவனம் இருக்கிறது, மாகாண அரசு இருக்கிறது, ஊர் இருக்கிறது. நிறுவனத்தால் எல்லைக்கு அப்பால் போய் ஆலை வாங்க முடியும். அரசால் வழக்குப் போட முடியும். ஊருக்கு இந்த இரண்டும் முடியாது. கடந்த நாற்பது ஆண்டுகளாக நடக்கும் மென்மரத் தகராறின் சுமை கடைசியில் போய் இறங்குவது அந்த மூன்றாவது ஆளின் தலையில்தான் என்பது என் துணிபு.

தகராறின் வேர் நின்ற மரத்தின் விலை. தேக்கோ தென்னையோ வெட்டும் முன்பே, மரம் நிற்கும்போதே விலை பேசுவது நம் ஊர்களிலும் உள்ள வழக்கம். கனடாவில் அந்த விலையைப் பெரும்பாலும் அரசுதான் நிர்ணயிக்கிறது, ஏனென்றால் காடு அரசுடையது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் நிலத்தில் சுமார் 94 விழுக்காடு மாகாணத்தின் பொதுநிலம். நிறுவனம் அங்கே மரம் வெட்ட உரிமம் வாங்குகிறது, வெட்டும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் ‘ஸ்டம்பேஜ்’ என்னும் கட்டணம் செலுத்துகிறது. அமெரிக்காவில் அறுப்புக்கு வரும் மரத்தில் பெரும்பகுதி தனியார் நிலத்தில் வளர்ந்தது, ஏலத்திலும் பேரத்திலும் விலை போவது. ஆகவே கனடிய அரசு மரத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்து ஆலைகளுக்கு மறைமுக மானியம் தருகிறது என்பது அமெரிக்க ஆலை முதலாளிகளின் புகார். 1982-இல் முதல் மனு போனது. 1983-இல் அமெரிக்க வணிகத் துறையே இது தீர்வை விதிக்கத்தக்க மானியம் அல்ல என்றது. 1986-இல் அதே துறை, அதே கட்டணமுறையை மானியம் என்றது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் காடு மாறிவிடவில்லை.

அதன் பிறகு வந்தவை ஒன்றன்பின் ஒன்றாக உடன்படிக்கைகளும் முறிவுகளும். 1986 முடிவில் கனடா தானே 15 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டுக்கொண்டது. 1991-இல் அதை விலக்கியது. 1996-இல் ஆண்டுக்கு 1,470 கோடி பலகை அடி வரை வரியில்லை என்று ஐந்தாண்டு ஒப்பந்தம் வந்தது. ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலக் கனம் கொண்டது ஒரு பலகை அடி. நம் மரவாடிக் கணக்கில் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு கன அடி. 2001-இல் அந்த ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த மனு. 2002 மே மாதம் மானிய எதிர்ப்பு வரியும், மலிவாகக் கொட்டி விற்பதற்கு எதிரான பொருள்குவிப்புத் தடுப்பு வரியும் சேர்ந்து சராசரியாக 27 விழுக்காட்டைத் தாண்டியது. 2006 ஒப்பந்தம் 2015 வரை ஓடியது. 2016 நவம்பரில் மறுபடி மனு, 2017-இல் மறுபடி தீர்வை. அது இன்றுவரை ஓயவில்லை.

மானியத்தை எப்படி அளக்கிறார்கள் என்பது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். அல்பர்ட்டா, ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களில் சந்தை விலையே அரசால் சிதைக்கப்பட்டது என்று சொல்லி, அட்லாண்டிக் கரையில் உள்ள நோவா ஸ்கோஷியாவின் தனியார் மர விலையை அளவுகோலாக எடுத்தது அமெரிக்க வணிகத் துறை. பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில மர விலை. துறைமுகத்துக்கு அருகில் நிற்கும் மரமும், குளிர்காலத்தில் உறைந்த மண்ணில் மட்டுமே லாரி போகக்கூடிய வடக்குக் காட்டில் நிற்கும் மெலிந்த மரமும் ஒரே விலை பெற வேண்டும் என்பது இதன் பொருள். 2020 ஆகஸ்டில் உலக வர்த்தக அமைப்பின் குழு இந்த அளவுகோல்களில் பெரும்பாலானவற்றைத் தவறென்று தீர்த்தது. அடுத்த மாதமே அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அமைப்போ 2019 டிசம்பரிலிருந்து உறுப்பினர்கள் நியமிக்கப்படாமல் முடங்கிக் கிடக்கிறது. தீர்ப்பு அப்படியே தொங்குகிறது.

இனி ஒரு கட்டு மரத்தோடு எல்லைவரை போய்ப் பார்ப்போம். வீட்டுச் சட்டத்துக்கு ஆகும் இரண்டுக்கு நான்கு அங்குலச் சட்டங்கள், மொத்தம் ஆயிரம் பலகை அடி. கணக்குக்காக எல்லையில் அதன் மதிப்பு 500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஆகஸ்டில் இரண்டு தீர்வைகளும் சேர்ந்து பெரும்பாலான நிறுவனங்களுக்கு 35 விழுக்காட்டை ஒட்டி வந்தன. அதற்கு 175 டாலர். அக்டோபர் 14 முதல் தேசியப் பாதுகாப்பு என்ற காரணம் காட்டி இன்னொரு 10 விழுக்காடு, அதற்கு 50 டாலர். ஆக 225 டாலரை எல்லையிலேயே கட்டிவிட்டுத்தான் அந்தக் கட்டு உள்ளே போகும். கட்டுவது பெரும்பாலும் விற்கும் கனடிய ஆலையே.

இதில் 175 டாலர் முடிந்த வரியல்ல, வைப்புத்தொகை. இறுதி வீதம் என்ன என்பதை அமெரிக்க வணிகத் துறை பின்னால் ஆராய்ந்து சொல்லும். 2023-இல் அனுப்பிய மரத்துக்கு அன்று 8 விழுக்காட்டை ஒட்டித்தான் வைப்புத்தொகை கட்டப்பட்டது. அந்த ஆண்டு மரத்துக்கான இறுதி வீதம் 2025-இல் வந்தபோது அது 35. விற்று, கூலி கொடுத்து, கணக்கை மூடிய சரக்குக்கு இரண்டு ஆண்டு கழித்து நான்கு மடங்குக்கும் மேல் பாக்கி ஏறுகிறது. பெரிய நிறுவனம் இதைத் தன் வரவுசெலவில் ஒரு வரியாகக் காட்டித் தாங்கும். குடும்பமாக ஒரே ஆலை நடத்துபவருக்கு, அடுத்த ஆண்டு வங்கியில் கடன் கேட்கப் போகும்போது இந்தப் பாக்கிதான் முதலில் எடுத்துப் பார்க்கப்படும்.

வீதம் ஏன் அப்படி ஏறியது? 2022 தொடக்கத்தில் ஆயிரம் பலகை அடிக்கு ஆயிரம் டாலரைத் தாண்டியிருந்த விலை 2023-இல் அதில் பாதிக்கும் கீழே போனது. அடக்கவிலைக்குக் குறைவாக விற்க நேர்ந்தால் பொருள்குவிப்புக் கணக்கில் வித்தியாசம் பெருகும். சந்தை சரியும்போது, ஆட்களை அனுப்பிவிடாமல் நட்டத்திலாவது ஓட்டிக்கொண்டிருக்கும் ஆலையின் செயல், இந்தக் கணக்கில் குற்றச்சாட்டாக மாறுகிறது. அந்தத் தண்டனையும் இரண்டு ஆண்டு கழித்து, விலை இன்னும் எழாத நேரத்தில் வந்து சேர்கிறது.

2006 ஒப்பந்தத்தின் அமைப்பும் இதே மாதிரிதான். பிரிட்டிஷ் கொலம்பியாவும் அல்பர்ட்டாவும் தேர்ந்தெடுத்த முறையில் விலை 355 டாலருக்கு மேல் இருந்தால் ஏற்றுமதிக் கட்டணம் இல்லை. விலை இறங்க இறங்க 5, 10 என்று ஏறி, 315 டாலரும் அதற்குக் கீழும் என்றால் 15 விழுக்காடு. அமெரிக்காவில் வீட்டுச் சந்தை உடைந்த ஆண்டுகளில் பெரும்பாலும் அந்த உச்சக் கட்டணமே நடப்பில் இருந்தது. நல்ல காலத்தில் ஒன்றும் கேட்காமல், கெட்ட காலத்தில் கைநீட்டும் ஏற்பாடு இது. அமெரிக்க ஆலைக்கு இது பாதுகாப்பு. ஒரே தொழிலை நம்பிய ஊருக்கோ, சந்தை தரும் அடியின் மேல் இன்னொரு அடி.

மெக்கென்ஸி அப்படிப்பட்ட ஊர். பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கில், பிரின்ஸ் ஜார்ஜிலிருந்து சாலை வழியாகச் சுமார் 180 கிலோமீட்டர். பீஸ் ஆற்றில் பென்னட் அணை கட்டி, வில்லிஸ்டன் நீர்த்தேக்கம் உருவான காலத்தில், மரத்தொழிலுக்கென்றே 1966-இல் திட்டமிட்டு எழுப்பிய ஊர். பள்ளி, கடைத்தெரு, பனிச்சறுக்கு மைதானம் எல்லாம் ஆலைகளை நம்பி வந்தவை. 2006-இல் நாலாயிரத்து ஐந்நூறு பேரளவில் இருந்த மக்கள்தொகை, 2021 கணக்கெடுப்பில் சுமார் 3,300. 2008-இல் ஆலைகள் வரிசையாக நின்றபோது ஊரே காலியாகிவிடும் போலிருந்தது. பிறகு சில திரும்ப ஓடின. 2019-இல் கான்ஃபோர் நிறுவனம் தன் அறுவை ஆலையை நிறுத்தியது. 2021-இல் ஊரின் காகிதக்கூழ் ஆலை நிரந்தரமாக மூடப்பட்டதும் சுமார் 250 பேர் வேலை இழந்தார்கள்.

அறுவை ஆலை மூடினால் கூழ் ஆலை ஏன் மூட வேண்டும்? உருண்டை மரத்தைச் சதுரச் சட்டமாக அறுக்கும்போது கிட்டத்தட்டப் பாதிதான் சட்டமாகும். மீதியில் பெரும்பங்கு சில்லு. அந்தச் சில்லுதான் கூழ் ஆலையின் உணவு. பட்டையும் தூளும் கொதிகலனுக்கும் எரிதுண்டு ஆலைக்கும் போகும். தீர்வை விழுவது சட்டத்தின் மீது மட்டும். கூழுக்கும் சில்லுக்கும் மென்மரத் தீர்வை இல்லை. ஆனாலும் சட்டம் அறுபடாவிட்டால் சில்லு இல்லை. பிரின்ஸ் ஜார்ஜில் கான்ஃபோர் குழுமம் 2023-இல் ஒரு கூழ் வரிசையையும் 2024-இல் நார்த்வுட் ஆலையில் இன்னொன்றையும் மூடியபோது முதற்காரணமாகச் சொன்னது மூலப்பொருள் பற்றாக்குறையைத்தான். தீர்வை எவ்வளவு என்று கணக்கிடும் எந்த அட்டவணையிலும் இந்த வேலையிழப்புகள் வராது.

அதே போல வராதவை இன்னும் சில. ஆலைத் தொழிலாளிக்குத் தொழிற்சங்க ஒப்பந்தப்படி பணிநீக்க ஈட்டுத்தொகை உண்டு, வேலையில்லாக் காப்பீடு உண்டு. காட்டில் மரம் வெட்டுவது பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்கள். மரம் வெட்டும் எந்திரத்தையும் இழுவை எந்திரத்தையும் கடனில் வாங்கி, நான்கைந்து பேரை வைத்து வேலை பார்ப்பவர். ஆலை நின்ற அன்று அவருக்கு ஈட்டுத்தொகை கிடையாது, தவணை மட்டும் தொடரும். ஊராட்சிக்கு வேறு நெருக்கடி. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அறுவை ஆலைகள் ‘பெருந்தொழில்’ என்ற தனிப்பிரிவில் சொத்துவரி கட்டுகின்றன, வீட்டு வரியைவிடப் பல மடங்கு அதிக வீதத்தில். ஆலை போனால் தண்ணீர்க் குழாயும் நூலகமும் பனி அகற்றும் வண்டியும் வீட்டுக்காரர்களின் வரியில்தான் ஓட வேண்டும். அந்த வீட்டுக்காரர்களில் பலர் வேலையில்லாதவர்கள், வீட்டை விற்க முயன்றும் ஆள் கிடைக்காதவர்கள்.

இவ்வளவையும் தீர்வையின் தலையில் கட்டினால் அது நேர்மையாகாது. 1990-களின் இறுதியிலிருந்து மலைப் பைன் வண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவின் உட்பகுதிக் காடுகளைத் தின்றது. கடுங்குளிர்தான் அந்த வண்டின் எதிரி. குளிர்காலம் மிதமாக மாற, அறுவைக்கு உதவும் பைன் மரங்களில் பாதிக்கு மேல் செத்துப்போயின. செத்த மரம் கெடுவதற்குள் அறுத்துவிட வேண்டும் என்று வெட்டும் அளவை அரசு உயர்த்தியது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆலைகள் அந்த வரவில் பெருத்தன. அந்தக் கையிருப்பு தீர்ந்ததும் இத்தனை ஆலைக்கு மரம் இல்லை என்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்த விஷயம். 2017, 2018, 2021 காட்டுத்தீக்களும், 28 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்த 2023-இன் தீயும் அதன் மேல் வந்தன. தொன்மைக் காடுகளைக் காக்கும் ஒத்திவைப்புகள், அனுமதித் தாமதம், ஸ்டம்பேஜ் கட்டணம் என்று நிறுவனங்கள் அடுக்கும் காரணங்களும் உண்டு. காட்டைக் காப்பது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். மாகாணத்தில் ஆண்டு அறுவடை 2018-இல் ஆறு கோடி கன மீட்டர் அளவில் இருந்தது, 2023-இல் சுமார் மூன்றரைக் கோடி. இந்தச் சரிவுக்குத் தீர்வை பொறுப்பல்ல.

மரம் குறைந்ததால் சில ஆலைகள் மூடத்தான் வேண்டியிருந்தன. எது முதலில் மூடும், மூடிய இடத்தில் புதிது வருமா என்பதைத் தீர்மானிப்பதில்தான் தீர்வைக்குப் பங்கு. 16-ஆம் எண் நெடுஞ்சாலையில் உள்ள ஹூஸ்டன் சுமார் மூவாயிரம் பேர் வாழும் ஊர். அங்கே கான்ஃபோர் 2023-இல் பழைய ஆலையை மூடியது, சுமார் 300 பேருக்கு வேலை போனது. சிறியதாக, புதியதாக ஓர் ஆலை கட்டுவோம் என்று சொன்னார்கள். 2024 மே மாதம் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வாண்டர்ஹூஃப் அருகிலுள்ள ஆலையையும் ஃபோர்ட் செயின்ட் ஜான் ஆலையையும் மூடுவதாக அறிவிப்பு, சுமார் 500 பேர். தீர்வை 8-லிருந்து 14 விழுக்காடாக ஏறியது அதற்கு முந்தைய மாதம். மரப் பற்றாக்குறை, கட்டுப்பாடுகள், வரி எல்லாம் சேர்த்தே காரணம் சொல்லப்பட்டது. எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. எல்லையில் கைவிட்டுப்போகும் தொகை எவ்வளவு என்றே இரண்டு ஆண்டு கழித்துத்தான் தெரியும் என்றால், இருபது ஆண்டுக்கான ஆலையில் யார் முதல் போடுவார்கள் என்று மட்டும் கேட்கலாம்.

இந்தத் தகராறின் ஆழமான காயம் வேறிடத்தில், வரி வீதங்களைப் பற்றிய செய்திகளில் வராத ஓரிடத்தில் இருப்பதாக நினைக்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பொதுப் பேரம் உருவானது. காடு மக்களுடையது, நிறுவனத்துக்கு நீண்டகால உரிமம் தருவோம், பதிலுக்கு நிறுவனம் அந்த வட்டாரத்தில் ஆலை நடத்தி அங்கேயே மரத்தை அறுக்க வேண்டும். பல உரிமங்களில் இது எழுதப்பட்ட நிபந்தனை. குறைந்தபட்சம் இவ்வளவு வெட்டியாக வேண்டும் என்ற விதியும் இருந்தது. மெக்கென்ஸி போன்ற ஊர்கள் அந்தப் பேரத்தின் மேல் கட்டியவை. அமெரிக்கத் தரப்பு இந்த நிபந்தனைகளையே குற்றமாகக் காட்டியது. விலை விழும்போது வெட்டுவதை நிறுத்த முடியாத ஆலை சந்தையில் மரத்தைக் கொட்டும், இது சந்தை அல்ல என்றது. தர்க்கம் என்ற அளவில் அதில் பிழையில்லை.

2003-இல் கோர்டன் காம்ப்பெல் தலைமையிலான மாகாண அரசு வனச் சட்டங்களைத் திருத்தியது. பெரிய நிறுவனங்களின் உரிமத்தில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பப் பெறப்பட்டு, ஏலவிலையை வைத்து ஸ்டம்பேஜ் கணக்கிடும் முறை வந்தது. உள்ளூர் ஆலையில்தான் அறுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் குறைந்தபட்ச வெட்டு விதியும் நீங்கின. நிறுவனங்களும் இதை விரும்பின. ஆனால் அமெரிக்காவோடு சமரசம் காண்பது அந்தத் திருத்தத்தின் வெளிப்படையான நோக்கங்களில் ஒன்று. அன்றிலிருந்து ஊரைச் சுற்றியுள்ள காட்டை வெட்டி வேறொரு ஊரில் அறுக்கலாம். பூட்டிய ஆலையின் வாசலைத் தாண்டி உள்ளூர்க் காட்டின் மரம் லாரி லாரியாகத் தெற்கே போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது உட்பகுதி ஊர்களின் நெடுநாள் ஆதங்கம். இவ்வளவு விட்டுக்கொடுத்தும் சமாதானம் வந்ததா? 2016-இல் மறுபடி மனு, மறுபடி மானியம் என்ற அதே புகார். மக்களின் காட்டின் மேல் ஊருக்கு இருந்த பிடி போனது, தீர்வை போகவில்லை. என் பார்வையில் இந்த நாற்பதாண்டு வழக்கில் கனடிய ஊர்கள் கொடுத்த மிகப் பெரிய விலை இதுதான்.

நிறுவனங்கள் எங்கே போயின? தெற்கே. வெஸ்ட் ஃப்ரேசர் 2000-இல் ஆர்கன்சாஸ், லூசியானா மாநிலங்களில் இரண்டு ஆலைகளை வாங்கியது. 2007-இல் இன்டர்நேஷனல் பேப்பரிடமிருந்து பதின்மூன்று. கான்ஃபோர் 2006-இல் தென் கரோலினாவில் நுழைந்தது. இன்டர்ஃபோர் 2013-இல் ஜார்ஜியாவில். அங்கே பைன் வேகமாக வளர்கிறது, மலிவாகக் கிடைக்கிறது, தீர்வை இல்லை. தீர்வையால் அமெரிக்காவில் மர விலை உயர்ந்தால் அந்த உயர்வு இவர்களின் தெற்கு ஆலைகளுக்கும் கிடைக்கும். கனடிய நிறுவனம் என்ற பெயரோடு சுவரின் இரண்டு பக்கமும் நிற்கலாம். இதைத் துரோகம் என்று சொல்வதற்கில்லை, பங்குதாரருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிறுவனம் இப்படித்தான் நடக்கும். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் கனடிய மரத்தொழிலின் குரலாக ஒலிப்பது யாருடைய குரல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே அதைக் கேட்க வேண்டும்.

அமெரிக்க ஊர்களாவது செழித்தனவா? தெற்கில் 1980-களில் அரசு ஊக்கத்தொகையோடு விவசாய நிலங்களில் நட்ட பைன் இன்று முற்றி மலிந்து கிடக்கிறது. வீட்டுச் சந்தை உடைந்தபோது விழுந்த அறுவைமர விலை பல வட்டாரங்களில் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. தீர்வை ஆலையைக் காத்தது, மரம் வளர்த்த நில உரிமையாளரின் விலையை ஏற்றவில்லை. ஆலைகளுக்கும் அது உறுதியான காப்பாக இல்லை. 2024 ஜனவரியில் ஒரே வாரத்துக்குள் வெஸ்ட் ஃப்ரேசர் புளோரிடாவின் மேக்ஸ்வில் ஆலையை மூடுவதாகவும், ஆர்கன்சாஸின் ஹட்டிக் ஆலையைக் காலவரையின்றி நிறுத்துவதாகவும், பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃப்ரேசர் லேக் ஆலையை மூடுவதாகவும் அறிவித்தது. ஹட்டிக், அந்த நிறுவனம் 2000-இல் முதன்முதலில் தெற்கே கால்வைத்த இடங்களில் ஒன்று. 2025 நவம்பரில் அதே நிறுவனத்தின் இரண்டு ஆலைகள், பிரிட்டிஷ் கொலம்பியாவின் 100 மைல் ஹவுஸ் ஆலையும் ஜார்ஜியாவின் அகஸ்டா ஆலையும், ஒரே அறிவிப்பில் மூடப்பட்டன. எல்லைக்கு இரு பக்கத்திலும் ஒரே கடிதம்.

அமெரிக்கச் சந்தையில் கனடாவின் பங்கு 2016-இல் மூன்றில் ஒன்று என்ற அளவில் இருந்தது. 2024-இல் நான்கில் ஒன்று. விட்ட இடத்தில் தெற்கின் ஆலைகள் மட்டும் வரவில்லை, ஜெர்மனியும் சுவீடனும் வந்தன. வீடு வாங்கும் அமெரிக்கர் இந்தத் தீர்வையில் ஒரு பகுதியைச் சுமக்கிறார் என்று அங்குள்ள வீடு கட்டுவோர் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் முறையிடுகிறது. அந்தக் குரலுக்கு வாஷிங்டனில் செவி உண்டு, வாக்கும் உண்டு. மெக்கென்ஸிக்கு அங்கே வாக்கு இல்லை. தன் பிழைப்பைத் தீர்மானிக்கும் அதிகாரியைத் தேர்ந்தெடுக்கவோ விலக்கவோ முடியாத நிலை, அண்டை நாட்டு ஊர் என்பதன் முழுப் பொருளும் அதுதான்.

முதற்குடிகளின் நிலைமை இன்னும் சிக்கல். நூறாண்டுக்கு மேலாகத் தங்கள் நிலத்தின் மரம் வெட்டப்படுவதைக் கேட்பாரின்றிப் பார்த்திருந்தவர்கள், அண்மைக் காலத்தில்தான் ஸ்டம்பேஜ் வருவாயில் பங்கும் வெட்டும் உரிமமும் பெறத் தொடங்கினார்கள். மெக்கென்ஸி வட்டாரத்தில் கான்ஃபோர் விட்டுச்சென்ற உரிமத்தை வாங்க முன்வந்தவர்கள் மெக்லியோட் லேக், ட்சே கே டேனே மக்கள். காடு அவர்கள் கைக்கு வரும் இந்த நேரத்தில் சந்தையின் வாசலில் 45 விழுக்காடு நிற்கிறது. நியூ பிரன்ஸ்விக்கின் கதையும் ஏமாற்றமானது. தனியார் காடு அதிகம் என்பதால் பல பத்தாண்டுகளாக விலக்குப் பெற்றிருந்த அந்த மாகாணம் 2017-இல் விலக்கை இழந்தது. பக்கத்து நோவா ஸ்கோஷியாவுக்கு அது தொடர்கிறது.

2025 ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் மார்க் கார்னி, வெஸ்ட் கெலோனாவில் ஓர் ஆலையில் நின்று 125 கோடி கனடிய டாலர் உதவியை அறிவித்தார். 70 கோடி கடன் உத்தரவாதம். 50 கோடி புதிய சந்தைகளுக்கும் புதிய பொருள்களுக்கும். தொழிலாளர் மறுபயிற்சிக்கு 5 கோடி. கடன் உத்தரவாதம் ஆலையை இன்னும் சில மாதம் மூச்சுவிட வைக்கும், வேறு வழியில்லாதபோது அதுவும் வேண்டியதே. புதிய சந்தை என்பது சொல்வதற்கு எளிது. சீனாவுக்கான விற்பனை 2010-களின் தொடக்கம்வரை ஏறிப் பிறகு இறங்கியது. இந்தியாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் அரசு நிறுவனம் ஒன்று ‘கனேடியன் வுட்’ என்ற பெயரில் ஆண்டுக்கணக்காகச் சந்தை தேடுகிறது, கதவுக்கும் ஜன்னலுக்கும் மரச்சாமானுக்கும். செங்கல்லும் கான்கிரீட்டும் கொண்டு வீடு கட்டும் நாட்டில் வீட்டுச் சட்டத்துக்கான இரண்டுக்கு நான்கு மரத்துக்கு என்ன வேலை? பிரிட்டிஷ் கொலம்பியாவின் உட்பகுதி ஆலைகள் பெருமளவில் அறுப்பது அந்த அளவைத்தான்.

2016-க்குப் பின் கட்டிய வைப்புத்தொகை இன்று 700 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டி அமெரிக்கக் கருவூலத்தில் கிடக்கிறது. என்றாவது ஒரு நாள் இதற்கும் உடன்பாடு வரும், ஒரு பகுதி திரும்பும். அதற்கு உரிமையாளர் யார் என்பது இப்போதே எழுதப்பட்டுவருகிறது. 2023 மார்ச்சில் கியூபெக்கின் ரெசொல்யூட் நிறுவனத்தை பேப்பர் எக்ஸலன்ஸ் குழுமம் வாங்கியபோது, பழைய பங்குதாரர்களுக்குப் பங்கு ஒன்றுக்கு 20.50 டாலரோடு ஓர் உரிமையும் தரப்பட்டது: ஏற்கனவே கட்டியிருந்த சுமார் 50 கோடி டாலர் வைப்புத்தொகையில் எதிர்காலத்தில் எது திரும்பினாலும் அவர்களுக்கு. பங்கை விற்றுவிட்டுப் போனவருக்குக்கூட அந்தத் தொகையில் உரிமை எழுதிவைக்க வழி இருக்கிறது. அந்த மரத்தை அறுத்த சாகுனே, லாக் செயின்ட் ஜான் வட்டார ஊர்களுக்கு அப்படி எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இது நடக்காத காரியமும் அல்ல. 2006-இல் அமெரிக்காவில் நின்ற 100 கோடியில் 50 கோடி மனுப்போட்ட ஆலை முதலாளிகளுக்குப் போனது. 45 கோடி பொதுக் காரியங்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதில் 20 கோடியைக் கொண்டு காட்டை நம்பி வாழும் அமெரிக்க ஊர்களுக்கென்றே ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள், அது இன்றும் இயங்குகிறது. கனடிய ஆலைகள் கட்டிய தீர்வையிலிருந்து அமெரிக்க மர ஊர்களுக்கு நிதி உருவானது. எல்லைக்கு இந்தப் பக்கத்து ஊர்களுக்கு அந்த ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அடுத்த ஒப்பந்தத்தை எழுத உட்காரும் கனடியப் பிரதிநிதிகள் முதல் வரைவிலேயே அதைச் சேர்க்க வேண்டும்: திரும்பும் தொகையில் ஒரு பங்கு, ஆலை மூடிய ஊர்களின் பெயரில், அந்த ஊர்களும் முதற்குடிகளும் நிர்வகிக்கும் நிதியாக. கூடவே, 2003-இல் கழற்றிவிட்ட அந்தப் பழைய நிபந்தனையை, ஊரைச் சுற்றியுள்ள காட்டின் மரத்தில் ஒரு பகுதியாவது அந்த வட்டாரத்தில் அறுபட வேண்டும் என்பதை, மாகாண அரசு திரும்ப எழுத வேண்டும். அமெரிக்கா அதற்கும் ஆட்சேபிக்கும். அதைக் கழற்றிய பிறகும் ஆட்சேபித்துக்கொண்டுதான் இருக்கிறது.